வீழ்ந்த விமானங்கள் எத்தனை?

1941 டிசம்பர் 22. கோலாலம்பூரின் சுங்கை பீசி விமானத் தளத்திலிருந்து ஆஸ்திரேலியாவின் 453ஆம் அணியினர் பஃபலோ விமானங்களில் மேலெழும்பினர். ஜப்பானியப் போர் விமானங்கள் அவர்களைத் தாக்கின. சண்டை முடிந்ததும், வீழ்த்தியதாக ஜப்பானிய விமானிகள் சொன்ன எண்ணிக்கை, ஆஸ்திரேலியர் உண்மையில் இழந்ததைவிட அதிகமாக இருந்தது. அவர்கள் பொய் சொன்னார்களா? பெரும்பாலும் இல்லை.

வான்சண்டை சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஒரே விமானத்தை இருவர் சுடுவர்; இருவரும் அதைத் தம் கணக்கில் சேர்ப்பர். தப்பிக்க முழு விசையோடு கீழே பாயும் விமானம் புகை கக்கும். சுட்டவரோ அது எரிந்து விழுகிறது என்றே நம்புவார். கீழே இறங்கிச் சரிபார்க்கவும் வழியில்லை. மலாயாவிலோ, விழுந்ததைக் காடு மறைத்துவிடும். சிதைவுகளை எண்ணிப் பார்க்க முடிந்த பிரிட்டனிலும் இதே கதைதான். 1940 செப்டம்பர் 15ஆம் நாள் 185 ஜெர்மானிய விமானங்களை வீழ்த்தியதாக அந்நாடு அறிவித்தது. உண்மையில் வீழ்ந்தவை ஏறத்தாழ 60.

இதற்கு மேல், நாட்டுக்கு நாடு விதியும் வேறுபட்டது. மூவர் சேர்ந்து ஒரு விமானத்தை வீழ்த்தினால் பிரெஞ்சுப் படையில் மூவருக்கும் ஒவ்வொரு வெற்றி கிடைக்கும். பிரிட்டிஷ் படையில் அதைப் பங்கிடுவர். ஜெர்மானியர் ஒருவருக்கே கொடுப்பர். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையில் பறந்த இந்திரலால் ராய் 1918 ஜூலையில் 10 வெற்றிகள் பெற்றார். அதே மாதம், 19 வயதில் உயிரிழந்தார். அந்தப் பத்தில், நிலைதடுமாறிக் கீழிறங்கியதாக மட்டும் காணப்பட்ட விமானங்களும் அடங்கும். அன்றைய விதி அதை ஏற்றது.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் எரிக் ஹார்ட்மனுக்கு 352 வெற்றிகள். அமெரிக்காவின் ரிச்சர்ட் பாங்குக்கு 40 மட்டுமே. பாங் 40ஐ எட்டியதும் போர்முனையிலிருந்து தாயகத்திற்கு அனுப்பப்பட்டார். ஹார்ட்மனோ போரின் கடைசி நாள்வரை பறந்தார். 1,400 முறைக்கும் மேல் புறப்பட்டுச் சென்றவர் அவர். ஜப்பானியக் கடற்படையோ போரின் இடையிலேயே தனியாள் கணக்கைக் கைவிட்டு, வெற்றிகளை அணியின் பெயரில் எழுதியது.

பஃபலோவைக் குறை சொல்லித் தப்பிக்கவும் முடியாது. பின்லாந்தின் யூட்டிலைனன் பெற்ற 94 வெற்றிகளுள் 34 பஃபலோவில் பெற்றவை. ஆனால், அவர் ஓட்டியது இலகுவான முந்தைய வடிவம். சுங்கை பீசியின் பஃபலோக்கள் எடை கூடியவை. நம் நாட்டின் வெப்பக் காற்றில் மெல்லத்தான் மேலேறின.