சோதனைக்கூடத்து உயிர்களும் நம் அணுவிரதமும்

இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் முதலாவது அஹிம்சை. புலாலும் தேனும் கள்ளும் விலக்குதல், நீரை வடிகட்டிப் பருகுதல், இரவில் உண்ணாமை ஆகிய ஒழுக்கங்கள் நம் இல்லங்களில் வழிவழியாகக் காக்கப்பட்டு வருகின்றன. அடுக்களையில் நாம் காட்டும் இவ்விழிப்பு குளியலறைக்கும் மருந்துப் பெட்டிக்கும் எட்டுகிறதா என்பது எண்ணத்தக்கது. முகப்பூச்சும் மாத்திரையும் நம் கைக்கு வருமுன் எவ்வுயிரின் மேல் சோதிக்கப்பட்டன என்று இன்றைய பிள்ளைகள் வினவுகின்றனர். அவ்வினாவிற்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கம்.

சோதனை என்பது யாது?

1927ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டிரெவன் என்னும் அறிஞர் ஒரு முறையை வகுத்தார். ஒரு பொருளை எவ்வளவு கொடுத்தால் ஒரு கூட்டத்திலுள்ள விலங்குகளில் சரிபாதி மடியும் என்று கணக்கிடுவதே அம்முறை. 1944இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தைச் சார்ந்த ஜான் டிரேஸ் கண் சோதனையை வகுத்தார். முயலின் ஒரு கண்ணில் பொருளை இட்டு, மற்றொரு கண்ணை ஒப்பீட்டிற்காக விட்டுவைத்து, சிவப்பும் வீக்கமும் புண்ணும் எவ்வளவு என்று நாள்தோறும் குறிப்பர். முயல் அசையாதிருக்கத் தலை மட்டும் வெளியே தெரியும்படி பெட்டியில் அடைப்பதும் வழக்கமாயிருந்தது.

அஹிம்சை அணுவிரதத்திற்கு இழுக்குத் தரும் குற்றங்கள் ஐந்து என்று தத்துவார்த்த சூத்திரம் வகுத்துள்ளதை நாம் அறிவோம். கட்டுதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. வண்டிமாட்டையும் வீட்டு விலங்கையும் எண்ணி நாம் கற்ற இப்பாடம் சோதனைக்கூடத்திற்கும் பொருந்துகிறது. பெட்டியில் அடைப்பது கட்டுதல். உடல் தாங்காத அளவு மருந்தைக் குழாய் வழியே வயிற்றில் செலுத்துவது மிகுபாரம். மருந்து செலுத்துவதற்கு முன் பட்டினி வைப்பது உணவு தடுத்தல்.

இவை ஏன் தோன்றின?

நடுநிலையோடு மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். 1937இல் அமெரிக்காவில் சல்ஃபானிலமைடு என்னும் மருந்தை, நச்சுத்தன்மையுள்ள டைஎத்திலீன் கிளைகால் என்னும் நீர்மத்தில் கரைத்து, எவ்விதச் சோதனையுமின்றி விற்றனர். குழந்தைகள் பலர் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் விளைவாக, விற்பனைக்கு முன் மருந்தின் பாதுகாப்பை மெய்ப்பிக்க வேண்டும் என்னும் சட்டம் 1938இல் அங்கு இயற்றப்பட்டது. ஆகவே இச்சோதனைகள் மக்களைக் காக்கும் எண்ணத்தில் வளர்ந்தவை என்பதை மறுக்க இயலாது. அவ்வெண்ணம் நல்லதாயினும் முயல் பட்ட துன்பம் அதனால் குறைந்துவிடவில்லை.

அழகும் நோயும் ஒன்றா?

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவகையாலும் வினை வந்து சேரும் என்பது நம் கொள்கை. இதை உரைகல்லாகக் கொண்டு ஆராய்வோம்.

அழகுப்பொருள் இன்றியும் வாழலாம். முன்னரே பாதுகாப்பானவை என்று அறியப்பட்ட பொருள்களைக் கொண்டே அவற்றை ஆக்கவும் கூடும். ஆதலின் அழகிற்காக ஓர் ஐயறிவுயிரைத் துன்புறுத்துவதற்கு எந்த நியாயமும் இல்லை. அறிந்தே அத்தகைய பொருளை வாங்குவது உடன்படுதலேயாகும். உலகமும் இதனை மெல்ல உணர்ந்து வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் விலங்குகளில் சோதித்த அழகுப்பொருள்களின் விற்பனையை 2013இல் முற்றிலும் தடுத்தது. நம் நாடு 2014இல் அச்சோதனையையும், அவ்வாறு சோதித்த பொருள்களின் இறக்குமதியையும் தடை செய்தது. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டு வரும் பொருள்களில் மட்டும் நாமே விழிப்பாயிருத்தல் வேண்டும். பச்சைப் புள்ளி உட்பொருள் எதிலிருந்து வந்தது என்பதையே சொல்லும். சோதனையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

மருந்தின் நிலை வேறு. 1921இல் கனடாவின் டொரான்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் இருவரும் நாய்களில் ஆய்ந்தே இன்சுலினைக் கண்டனர். மறு ஆண்டிலேயே நீரிழிவால் மடியவிருந்த பதினான்கு வயதுச் சிறுவன் அதனால் பிழைத்தான். இவ்வரலாற்றை அறிந்த தாய், தன் குழந்தைக்கு இன்சுலினை மறுக்கலாமா? மறுத்தால் நாய்கள் மீளப்போவதில்லை. கையிலுள்ள உயிரும் போய்விடும். நோயாளி சோதனையைச் செய்தவருமல்லர், செய்வித்தவருமல்லர். எஞ்சியிருப்பது உடன்படுதல் ஒன்றே. அது நம் மனத்தைப் பொறுத்தது. "விலங்குதானே, போகட்டும்" என்று எண்ணி மாத்திரையை விழுங்குபவர் உடன்பட்டவராகிறார். அவ்வுயிரின் துன்பத்திற்கு இரங்கி, அது இனியேனும் நிகழாதிருக்கத் தம்மாலியன்றதைச் செய்பவர் உடன்பட்டவராகார். இரக்கம் செயலாக மாறாவிடில் அது வெறும் சாக்காகிவிடும் என்பதையும் மறத்தலாகாது.

மாற்று வழிகள்

1959இல் ரஸ்ஸல், பர்ச் என்னும் ஆங்கிலேய அறிஞர் இருவர் மூன்று நெறிகளை வகுத்தனர்: விலங்கிற்கு மாற்றுக் காணுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல். நம் நாட்டில் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் எடுத்த முயற்சியின் பயனாக 1960இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அச்சட்டம் சோதனையை அடியோடு விலக்கவில்லை. எனினும் இயன்றவிடத்தெல்லாம் தவிர்க்கவும், நூல், மாதிரி உரு, திரைப்படம் ஆகியவற்றால் கற்பிக்கக் கூடுமாயின் அவற்றையே கொள்ளவும் அது வழிகாட்டுகிறது.

சரிபாதி மடியும் வரை சோதிக்கும் பழைய வாய்வழி நச்சுச் சோதனையை, பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு 2002இல் தன் வழிகாட்டு நெறிகளிலிருந்து நீக்கியது. மனிதத் தோல் உயிரணுக்களை வளர்த்துச் சோதிக்கும் முறை இன்று பயன்பாட்டில் உள்ளது. புதிய மருந்திற்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்னும் விதியை அமெரிக்கா 2022இல் தளர்த்தியது. 2023இல் நம் நாட்டு விதிகளும் உயிரணுச் சோதனை முதலிய மாற்று முறைகளை ஏற்றன.

நாம் செய்யத்தக்கவை

மருத்துவர் எழுதிய மருந்தை விரத நினைவால் தாமாக நிறுத்துதல் கூடாது. ஐயமிருப்பின் அவரிடமே மாற்று உண்டா எனக் கேட்கலாம். தேவையற்ற மருந்தை வாங்கிக் குவிப்பதும் காலாவதியாக விட்டு எறிவதும் தவிர்க்கத்தக்கவை. உணவாலும் ஒழுக்கத்தாலும் தடுக்கக்கூடிய நோயைத் தடுப்பது மருந்தின் தேவையையே குறைக்கும். அறிவியல் பயிலும் நம் இளைஞர் மாற்றுச் சோதனை முறைகளைத் தம் துறையாக ஏற்பாராயின், அதனினும் சிறந்த அஹிம்சைத் தொண்டு அரிது.

இல்லத்தில் கூடிச் சிந்திக்க:

1. நம் வீட்டிலுள்ள அழகுப்பொருள்களுள் இல்லாமலே வாழக்கூடியவை எவை?

2. உயிர் காக்கும் மருந்தை ஏற்பதற்கும் சோதனைக்கு உடன்படுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு எவ்வாறு விளக்குவோம்?

3. ஐந்து குற்றங்களுள் நம்மை அறியாமல் நம் வாங்குதலால் நிகழக்கூடியவை எவை?