மை இல்லாத ஒப்பு
(தெரிந்துகொள்வோம் – குழுக் கூட்டத்தில் வாசித்துப் பேச ஒரு பாடம்)



1989-ல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் தொடங்கிய காலத்திலிருந்து, குழுவில் சேர்ந்த எத்தனையோ பெண்கள் கைநாட்டை விட்டுக் கையெழுத்துப் போடப் படித்தார்கள். இன்று அந்தக் கையெழுத்தே வேறு உருவத்தில் வருகிறது. இதையும் நாம் படித்தாக வேண்டும்.

இது செல்லுமா?

இ-சேவை மையத்தில் வாங்கிய சான்றிதழைப் பார்த்து, "மைனி, இதுல பச்சை மை ஒப்பும் இல்ல, சீலும் இல்ல. செல்லுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. செல்லும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17 முதல் நடைமுறையில் இருக்கிறது. முறைப்படி போட்ட டிஜிட்டல் கையெழுத்துக்கு, மையால் போட்ட கையெழுத்தின் மதிப்பை அதன் 5-வது பிரிவு கொடுக்கிறது.

எப்படி வேலை செய்கிறது?

நம் குழுவின் பேரேட்டை நினைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு வரவை யாராவது திருத்தினால் என்ன ஆகும்? கீழே இருப்பு உதைக்கும். டிஜிட்டல் கையெழுத்தும் அப்படித்தான். ஆவணத்தில் உள்ள எழுத்து எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் கணக்கிட்டு ஒரு நீண்ட எண்ணாக்குகிறது. அதிகாரி தன் ரகசியச் சாவியால் அந்த எண்ணைப் பூட்டுகிறார். பென் டிரைவ் போன்ற சிறு கருவியில் அந்தச் சாவி இருக்கும். பிறகு ஒரு எழுத்தை மாற்றினாலும் கணக்கு உதைத்துவிடும், கையெழுத்து செல்லாது.

ஆனால் தாளில் அச்சடித்த பிறகு இந்தச் சோதனையைச் செய்ய முடியாது. அதனால்தான் சான்றிதழில் ஒரு எண்ணோ கியூஆர் கட்டமோ இருக்கிறது. அதை வைத்து அரசு இணையதளத்தில் சரிபார்க்கலாம். பள்ளியிலோ வங்கியிலோ "ஒப்பு இல்லை" என்று திருப்பி அனுப்பினால், "இந்த எண்ணைப் போட்டுப் பாருங்க" என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

பதிவில் பிழை இருந்தால்?

ஒப்பு சரியாக இருக்கிறது என்பதால் உள்ளே எழுதியது சரி என்று ஆகிவிடாது. 2023 அக்டோபர் 1 முதல் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதி, இடம் காட்டும் சான்று பிறப்புச் சான்றிதழ்தான். நெய்யூரில் பிறந்த பிள்ளையின் பெயரில் ஒரு எழுத்து தவறினால், அது எல்லா ஆவணத்திலும் கூடவே வரும். ஆகவே கையில் வாங்கிய அன்றே பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், தேதி நான்கையும் வாசித்துப் பாருங்கள்.

பழைய தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள். 1956 நவம்பர் 1-ல் நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முந்திய பத்திரங்கள் பல மலையாளத்தில் இருக்கின்றன. கம்ப்யூட்டர் பதிவில் சிக்கல் வந்தால் மூலப்பத்திரம்தான் துணை. உயிலை இன்றும் தாளில்தான் எழுத வேண்டும். மின்னணு உயிலைச் சட்டம் ஏற்பதில்லை.

ஓடிபி-யும் ஒப்புதான்

2015 முதல் ஆதார் எண்ணும் போனுக்கு வரும் ஓடிபி-யும் கொண்டு நாமே மின்னணுக் கையெழுத்துப் போட முடிகிறது. அப்படியானால், எதற்கு என்று தெரியாமல் ஓடிபி-யைச் சொல்வது, வெற்றுத்தாளில் கைநாட்டு வைப்பதற்குச் சமம். ஆதாரில் இருப்பது உங்கள் போன் நம்பர்தானா? மகன் நம்பர் என்றால் உங்கள் ஒப்பு அவன் பையில் இருக்கிறது என்று அர்த்தம்.

பதவிக்கு வரும் சகோதரிகளுக்கும் இதுதான். ஊராட்சிக் கணக்குகளுக்காக 2020 ஏப்ரல் 24-ல் இ-கிராம் ஸ்வராஜ் தளம் வந்தது. அதன் வழியே பணம் கொடுக்கப் பொறுப்பாளர்களின் டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். அந்தக் கருவியை வீட்டுக்காரரிடமோ ஒப்பந்ததாரரிடமோ கொடுத்து வைத்தால், அவர் போட்டதும் உங்கள் கையெழுத்தாகவே நிற்கும். பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். சாவியைக் கவனமாகக் காப்பது சட்டப்படி உரியவரின் கடமை.

நினைவில் வையுங்கள்

1. விண்ணப்பித்ததும் ஒப்புகை எண் உள்ள ரசீதை வாங்குங்கள்.
2. ஓடிபி எதற்கு வந்தது என்று வாசித்த பிறகே சொல்லுங்கள். போனில் கேட்டால் சொல்லவே வேண்டாம்.
3. ஏமாற்றிப் பணம் எடுத்துவிட்டால் உடனே 1930-க்குப் பேசுங்கள்.

குழுவில் பேசுங்கள்

நம் குழுவில் எத்தனை பேருக்கு ஆதாரில் சொந்த போன் நம்பர் இருக்கிறது? இல்லாதவர்களை இந்த மாதமே ஆதார் மையத்துக்கு யார் கூட்டிக்கொண்டு போவது? பெயர்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.