நியூ ஆர்லியன்ஸ் கிட்டங்கி

அன்புள்ள தம்பிக்கு,

பாஸ்டன், நியூயார்க், பிலடெல்பியா என்று கிழக்கே இத்தனை துறைமுகங்கள் இருக்கும்போது அமெரிக்கா நியூ ஆர்லியன்ஸுக்காக ஏன் அப்படித் துடித்தது, நிலத்தாசைதானே என்று கேட்டிருக்கிறாய். கேள்வியின் முதல் பாதி உன்னுடையது, நன்றாக இருக்கிறது. பின்பாதி நோட்ஸ் புத்தகம் ஊட்டியது. லூசியானாவை ஏக்கர் மூன்று சென்ட் வீதம் நெப்போலியனிடம் வாங்கினார்கள் என்று எழுதாத நோட்ஸ் உண்டா? படித்தாலே எனக்கு எரிச்சல் வரும். கணக்கு சரிதான். ஆனால் அவர்கள் கடைக்குப் போனது வேறொன்றை வாங்க.

வரைபடத்தில் அப்பலாச்சியன் மலைகளுக்கு மேற்கே பார். கென்டக்கி, டென்னசி, ஒகையோ. அங்கே குடியேறிய விவசாயி தன் மாவையும் புகையிலையையும் உப்பிட்ட பன்றிக்கறியையும் வண்டியில் மலையேற்றினால், கூலியே லாபத்தைத் தின்றுவிடும். ஆறுகளோ மிசிசிப்பியில் போய் விழுகின்றன. அதனால் நியூயார்க்கில் விற்க வேண்டிய மாவும் தெற்கே இறங்கி, கடல்வழி சுற்றித்தான் போயாக வேண்டும்.

அந்தச் சரக்கு போன தட்டைப் படகைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவிடு. பலகைகளை அடித்துச் சேர்த்த ஒரு மிதக்கும் பெட்டி அது. நீரோட்டத்தோடு போகும், எதிர்த்துத் திரும்பி வராது. போய்ச் சேர்ந்ததும் சரக்கை விற்பார்கள், பிறகு படகையே உடைத்துப் பலகையாக விற்பார்கள். வீடு திரும்ப, நாட்செஸிலிருந்து நாஷ்வில் வரை 700 கிலோமீட்டருக்கு மேல் காட்டுத் தடம், வழிப்பறிக்குப் பேர்போனது. லிங்கனும் 1828இல், பத்தொன்பது வயதில், இப்படியொரு படகில் நியூ ஆர்லியன்ஸ் போனவர்தான். அவர் வாழ்க்கை வரலாறு எதை எடுத்தாலும் மரக்குடிசையைத்தான் பக்கம் பக்கமாகப் பாடுகிறார்கள். நான் படகைத் தேடித்தான் பக்கம் புரட்டுவேன்.

இந்தப் பெட்டி கடலில் தாங்காது. எங்காவது மூட்டைகளை இறக்கி வைத்து, பாய்க்கப்பல் வரும்வரை காக்க வேண்டும். முகத்துவாரத்துக்கு ஏறக்குறைய 160 கிலோமீட்டர் மேலே இருந்த நியூ ஆர்லியன்ஸ்தான் அந்த இடம். அதற்குக் கீழே பெரும்பாலும் சதுப்பு. ஊரோ ஸ்பெயின் கையில். 1795 ஒப்பந்தப்படி, அமெரிக்கர்கள் அங்கே சுங்கமில்லாமல், கிட்டங்கி வாடகை மட்டும் கொடுத்துச் சரக்கை வைக்கலாம். 1802 அக்டோபரில் மொராலெஸ் என்ற ஸ்பானிய அதிகாரி அந்த உரிமையை ரத்து செய்தார். மேற்கே கொந்தளிப்பு. அதைவிடப் பெரிய பயம், 1800இலேயே ஸ்பெயின், நியூ ஆர்லியன்ஸ் அடங்கிய லூசியானாவை ரகசியமாகப் பிரான்சுக்கு எழுதிக் கொடுத்திருந்தது. நோஞ்சான் ஸ்பெயினைச் சமாளிக்கலாம், நெப்போலியனை? பிரான்சை நேசித்த அதிபர் ஜெஃபர்சனே, அந்த ஊரை வைத்திருப்பவர் யாரானாலும் நமக்குப் பகைவரே என்று பாரிஸிலிருந்த தூதர் லிவிங்ஸ்டனுக்கு எழுதினார்.

லிவிங்ஸ்டனுக்குத் துணையாக மன்ரோ என்ற தூதரையும் பாரிஸுக்கு அனுப்பினார்கள். கேட்கச் சொன்னது நியூ ஆர்லியன்ஸையும் ஃபுளோரிடாவையும் மட்டுமே. முழு லூசியானாவுக்கும் என்ன தருவீர்கள் என்று 1803 ஏப்ரலில் பிரெஞ்சு அமைச்சர் தலேரான்தான் கேட்டார். அப்போது பிரெஞ்சுக் காலனியாயிருந்த ஹைட்டியில், அடிமைத்தளையை உடைத்த மக்களின் படையும் மஞ்சள் காய்ச்சலும் பிரெஞ்சுச் சேனையைத் தின்று தீர்த்திருந்தன. அந்தத் தீவுக்கு உணவு அனுப்பத்தான் நெப்போலியனுக்கு லூசியானா. தீவு இல்லாமல் அது வீண் செலவு. ஒன்றரைக் கோடி டாலருக்குப் பேரம் முடிந்தது. அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளை இரு தரப்பும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதையும் உன் நோட்ஸ் விட்டிருக்கும்.

இனி என் கட்சி. ஜெஃபர்சன் மூட்டைகளுக்காக மட்டும் பயப்படவில்லை. விவசாயிகளின் விசுவாசத்துக்காகவும் பயந்தார். துறைமுகம் யார் கையிலோ, மேற்கத்திய மக்கள் நாளை அவர் பக்கம். 1786இல் அமெரிக்க வெளியுறவுச் செயலர் ஜான் ஜே, ஸ்பெயினோடு வியாபார உடன்பாட்டுக்காக மிசிசிப்பிப் போக்குவரத்தை ஒரு தலைமுறைக்கு விட்டுக்கொடுக்க முன்வந்தபோதே, பிரிந்து போகலாமா என்ற பேச்சு மேற்கில் கிளம்பிவிட்டது. ஆதாரம் கேட்பாய். ஜேம்ஸ் வில்கின்சனைப் படி. 1787இல் கென்டக்கிச் சரக்கோடு நியூ ஆர்லியன்ஸ் போனவர், அங்கே வியாபாரச் சலுகைக்காக ஸ்பெயின் மன்னருக்கு ரகசியமாக விசுவாசப் பிரமாணம் செய்தார். பிறகு பணமும் வாங்கினார். அதே ஆள் அமெரிக்கத் தளபதியாகி, 1803 டிசம்பர் 20 அன்று நியூ ஆர்லியன்ஸை அமெரிக்காவின் சார்பில் பொறுப்பேற்ற இருவரில் ஒருவராக நின்றார்! தளபதியையே ஒரு துறைமுகம் விலைக்கு வாங்க முடியுமென்றால், கடன்பட்ட விவசாயி எம்மாத்திரம்?

அடுத்த கட்டுரையில் ஏக்கர் கணக்கை எழுது, தடுக்கவில்லை. கிட்டங்கியை எழுதிய பிறகு எழுது.

அன்புடன்,
உன் ஆசிரியர்