பிள்ளையார் பிடிக்கப் போன கதை: பள்ளிக் கைவேலைத் தோல்விகள் தரும் பாடம்

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர்)

முன்னுரை

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பது நம் நாட்டுப் பழமொழி. அதைச் சொல்லிச் சிரிக்காதவர் நம்மில் எவருமில்லை. ஆனால், பிடித்த கை எந்த இடத்தில் பிசகியது, மண் ஏன் சொன்னபடி கேட்கவில்லை என்று ஆராய்ந்தவர் மிகச் சிலரே. பள்ளி நாட்களில் நாம் செய்த கைவேலைகளுள் பரிசு பெற்றவை நினைவில் நிற்கின்றன. கெட்டுப்போனவை குப்பைமேட்டைச் சேர்ந்தன. அவ்வாறு எறிந்த மூன்று பொருள்களை மீண்டும் எடுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெடித்த யானை

நான் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது எங்கள் பள்ளியில் ஒரு கண்காட்சி நடைபெற்றது. எங்கள் குழுவினர் ஏரியிலிருந்து களிமண் எடுத்து வந்து முழ உயரத்தில் ஒரு யானை செய்தோம். வயிறு, கால், தலை எல்லாம் கெட்டி மண். இரண்டு நாள் வெயிலில் வைத்தோம். மேலே தொட்டால் உலர்ந்திருந்தது. மூன்றாம் நாள் மாலை வறட்டியும் விறகும் அடுக்கித் தீ மூட்ட ஆயத்தமானோம்.

எங்களுள் ஒருவன் மண்பாண்டம் செய்யும் வீட்டுப் பிள்ளை. அவன் மெதுவாக, "டேய், உள்ளே குடையாம சுட்டா வெடிச்சிடும்டா" என்றான். உடனே ஒருவன், "பானை செய்யறவன் பேச்சைக் கேளுங்கடா" என்று நகைத்தான். எல்லோரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். அவன் அதற்கு மேல் வாய் திறக்கவில்லை.

கால் மணி நேரத்தில் பட்டாசுபோல் ஓசை கேட்டது. யானையின் வயிறு நெருப்பை விட்டு வெளியே வந்து விழுந்தது.

சில நாள் கழித்து, வெட்கத்தை விட்டு அவன் வீட்டுக்குச் சென்றேன். அவன் தந்தையார் என்னைத் திட்டவில்லை. "ஒடைஞ்சதைக் கொண்டாந்தியா தம்பி? அதைப் பார்த்தாத்தானே சொல்ல முடியும்?" என்று மட்டும் கேட்டார். குப்பைமேட்டில் கிளறி இரண்டு துண்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒன்றை வாளித் தண்ணீரில் போட்டார். சற்று நேரத்தில் துண்டின் உட்பகுதி கரைந்து சேறாயிற்று. வெந்த மேல்தோல் மட்டும் ஓடாக நின்றது. "உள்ளே பச்சை மண்ணு. ஈரம் போக வழி இல்லை. அதான் ஒடைச்சிக்கிட்டு வந்திருக்கு" என்றார்.

அவர் சொன்னதையே அறிவியலும் சொல்கிறது. நீர் கொதித்து ஆவியாகும்போது அதன் பருமன் ஏறத்தாழ 1,700 மடங்கு பெருகுகிறது. மெல்லிய சுவராயின் ஆவி நுண்துளைகள் வழியே வெளியேறிவிடும். கெட்டி மண்ணின் நடுவே சிக்கினால் மண்ணைப் பிளந்துகொண்டுதான் வரும். வெளியே உலர்ந்து தோன்றுவது உள்ளே உலர்ந்ததற்குச் சான்றாகாது. அன்றியும், களிமண்ணோடு வேதிமுறையில் கலந்த நீர் 500 டிகிரி செல்சியசை ஒட்டிய வெப்பத்தில்தான் பெரும்பாலும் நீங்கும். ஆகவே தொடக்கத்தில் தீயை மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும்.

இனி நம் ஊர்ப்புறத்து அய்யனார் கோயில்களில் நிற்கும் மண்குதிரைகளை நினைத்துப் பாருங்கள். ஆள் உயரத்துக்கும் மேலான குதிரைகள் வெடிக்காமல் வெந்தது எப்படி? கால்கள் குழாய்கள், வயிறு வெற்றிடம். களிமண்ணோடு மணலும் உமியும் கலக்கிறார்கள். மணல், மண் சுருங்கி வெடிப்பதைக் குறைக்கிறது. உமி தீயில் எரிந்து, ஆவி செல்லும் துளைகளை விட்டுச் செல்கிறது. எங்கள் பாடநூலில் இல்லாத இவ்விளக்கம் எங்கள் வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தது. அதைச் சிரித்து அடக்கியவர்கள் நாங்கள்.

பிளந்த முகம்

அடுத்த ஆண்டு, புயல் காற்றில் சாய்ந்த ஒரு வாகை மரத்தின் அடியிலிருந்து வட்டத் துண்டு ஒன்றை அறுத்து வந்து அதில் ஒரு முகம் செதுக்கினோம். பச்சை மரம் உளிக்கு வெண்ணெய்போல் இளகிக் கொடுத்தது. மூன்று வாரங்களுக்குப் பின் நடுவிலிருந்து விளிம்பு வரை ஒரு பிளவு தோன்றி முகத்தை இரண்டாக்கியது.

மரம் உலரும்போது எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு, வளையங்களின் போக்கில் சுருங்குகிறது. எனவே நடுத்தண்டோடு கூடிய முழு வட்டத்துண்டு உலர்ந்தால் எங்கேனும் பிளந்தே தீரும். இதனால்தான் சிற்பிகள் அடிமரத்தை அறுத்து, நடுத்தண்டை விலக்கி, நிழலில் உலரவிட்டுப் பிறகே உளியை எடுக்கின்றனர். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் செய்யப்படும் மரச்சிற்பங்களுக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெருமையில் உளியின் நுட்பத்திற்குள்ள பங்கு, மரம் உலரும் வரை காத்திருக்கும் பொறுமைக்கும் உண்டு. நாங்களோ கண்காட்சித் தேதியைப் பார்த்துச் செதுக்கினோம்.

உரிந்த சுவர்

மூன்றாவது தோல்வி ஒரு சுவரோவியம். பள்ளிச் சுவரில் கல்வராயன் மலையையும் ஓர் அருவியையும் வண்ணத்தில் தீட்டினோம். பழைய வெள்ளையடிப்பின் மேலேயே, பசை கலந்த வண்ணம். ஐப்பசி மழையில் மலை செதில் செதிலாகக் கீழே இறங்கியது.

இத்தோல்வியில் எங்களுக்குப் பெரிய துணை ஒருவர் உண்டு. இத்தாலிய ஓவியர் லியொனார்டோ டா வின்சி மிலான் நகரில் 'இறுதி விருந்து' என்னும் ஓவியத்தைத் தீட்டியபோது (1495–1498), ஈரச் சுண்ணத்தின் மேல் விரைந்து வரையும் வழக்கமான முறையைக் கைவிட்டு உலர்ந்த சுவரில் நிதானமாக வரைந்தார். வண்ணம் சுவரோடு ஒன்றவில்லை. அவர் வாழ்ந்த காலத்திலேயே சிதையத் தொடங்கிற்று. 1978-இல் தொடங்கிய அதன் பெரும் சீரமைப்பு 1999-இல்தான் முடிவுற்றது.

தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியங்களின் அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்கள் 1931-இல் கண்டறியப்பட்டன. அவற்றை ஆராய்ந்த சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் எஸ். பரமசிவன், அவை ஈரச் சுண்ணத்தின் மேல் வரையப்பட்டவை என்ற முடிவுக்கு வந்தார். சுண்ணம் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று இறுகும்போது, வண்ணப்பொடியையும் தன்னுள் பிணைத்துக் கொள்கிறது. வண்ணம் சுவர்மேல் ஒட்டுவதற்கும் சுவராகவே ஆகிவிடுவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

முடிவுரை

மூன்று தோல்விகளிலும் ஒரே உண்மையைக் காண்கிறோம். உருவத்தைப் பற்றி நாங்கள் எண்ணினோம். பொருளின் இயல்பைப் பற்றி எண்ணவில்லை. யானையை அறிந்திருந்தோம், மண்ணை அறியவில்லை. முகத்தை அறிந்திருந்தோம், மரத்தை அறியவில்லை. அறிந்தவர்கள் அருகிலேயே இருந்தும் நாங்கள் கேட்கவில்லை.

என் நண்பன் பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இப்போது பெங்களூரில் கட்டட வேலை செய்கிறான். அவன் ஊர்க் கோயிலில் புதிய குதிரையைச் சிமெண்டில் எழுப்பியிருக்கிறார்கள். மண்ணும் உமியும் எவ்வளவு கலப்பது என்ற கணக்கு அவன் தந்தையாரின் கைகளில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அவரிடம் கேட்டு எழுதிவைக்க வேண்டியவர்கள் கல்லூரிக்கு வந்த நாமே அல்லவா?

ஆகவே பேராசிரியப் பெருமக்களுக்கும் உடன்பயிலும் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் கல்லூரிக் கண்காட்சியில் வெற்றிப் பொருள்களுக்கு அருகே, உடைந்தவற்றுக்கும் ஒரு மேசை போடுவோம். ஒவ்வொன்றின் கீழும் அது ஏன் உடைந்தது என்று எழுதி வைப்போம். எழுதுமுன் ஊரிலுள்ள கைவினைஞர் ஒருவரைக் கேட்போம்; கேட்டவரின் பெயரையும் அவர் இசைவுடன் அச்சீட்டில் குறிப்போம். யானையின் துண்டுகளுள் கரையாத மற்றொன்று என்னிடம் இருக்கிறது. அந்த மேசைக்கு முதல் பொருளாக அதை நான் கொண்டு வருகிறேன்.