கிரீன் கார்டும் மயிலாப்பூர் வாசமும்

கேள்வி: மகன் மூலம் எங்களுக்கு அமெரிக்க கிரீன் கார்டு கிடைத்தது. குளிர் ஒத்துக்கொள்ளாமல் பெரும்பாலும் இங்கேயே இருக்கிறோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்த் தலைகாட்டினால் போதும் என்கிறார்களே?
– ஒரு வாசகி, மயிலாப்பூர்

பதில்: போதாது. மார்கழிக் கச்சேரி, அறுபத்துமூவர் எல்லாம் இங்கே, அங்கே இரண்டு வாரம் என்றால், உங்கள் வீடு எது என்று விமான நிலைய அதிகாரி கேட்கத்தான் செய்வார். நாள் கணக்கோடு எண்ணத்தையும் பார்ப்பார்கள். முகவரி, வங்கிக் கணக்கு, வருமான வரித் தாக்கல்தான் சாட்சி. வரிப் படிவத்தில் ‘அமெரிக்காவில் வசிக்காதவர்’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள்.

ஓராண்டோ அதற்கு மேலோ தொடர்ந்து இங்கே தங்குவதானால் ரீ-என்ட்ரி பெர்மிட் தேவை. அதற்கான ஐ-131 விண்ணப்பத்தை அமெரிக்க மண்ணில் இருக்கும்போதே கொடுக்க வேண்டும். அடையாறில் உட்கார்ந்து போட முடியாது. அதிகபட்சம் 2 ஆண்டு செல்லும், நீட்டிப்பு கிடையாது. அதுவும் இல்லாமல் ஓராண்டு கடந்தால் திரும்பி வரும் குடியிருப்பாளருக்கான எஸ்பி-1 விசாதான் வழி. தாமதம் உங்கள் கையை மீறியது என்று நிரூபிக்க வேண்டும். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

விமான நிலையத்தில் அதிகாரி, கார்டைக் கைவிடுவதற்கான ஐ-407 படிவத்தை நீட்டினால் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும் என்பதில்லை. குடியேற்ற நீதிபதியிடம் முறையிடலாம்.

அங்கே வாழும் எண்ணமே இல்லையென்றால், கார்டை ஒப்படைத்துவிட்டுச் சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பிப்பதே நல்லது.