காக்கையும் பனம்பழமும் ஒரு டேப்லெட்டும்

பத்திர மொழிபெயர்ப்பு என் தொழில். வாரத்தில் மூன்று நாள் விருதுநகரிலிருந்து மதுரைக்கு பஸ். கைப்பையில் சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், விண்டோஸில் ஓடும் ஒரு டேப்லெட். காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் கீபோர்டுதான் அதற்கு உறையும். நான்கு வருடமாக எனக்குச் சோறு போடும் சாமான் அது.

ஒரு நாள் திருமங்கலம் தாண்டும்போது மடியில் இருந்த பை சுட்டது. சாப்பாட்டு டப்பாவாக இருக்கும் என்று கையை விட்டுப் பார்த்தேன். டப்பா ஆறிப்போயிருந்தது. சுட்டது டேப்லெட். தூங்க வைத்து, மூடி, பைக்குள் வைத்த பொருள் காய்ச்சல் வந்த பிள்ளை மாதிரி கொதித்தது. திறந்தால் பாதி சார்ஜைக் காணோம். கீபோர்டைத் தட்டினால் உயிரே இல்லை. கழற்றி மாட்டினால் வேலை செய்தது, ஆனால் நான் அடித்த எழுத்துகளில் பாதியை விழுங்கியது.

இரண்டு நாள் முன்புதான் அப்டேட் போட்டிருந்தேன். வேறென்ன காரணம் இருக்க முடியும்?

தெருமுனை சர்வீஸ் கடைத் தம்பியும் அதையேதான் சொன்னார். “அப்டேட் சொதப்பிருக்கும்க்கா. ஃபார்மட் அடிச்சு ஃப்ரெஷ்ஷா போட்டுருவோம், எல்லாம் சரியாயிரும்.” எனக்கு மனசு வரவில்லை. எழுத்துருக்கள், தமிழ்99 அமைப்பு, வருடக்கணக்காகச் சேர்த்த சொற்பட்டியல் எல்லாவற்றையும் திரும்ப உட்கார்ந்து ஏற்ற வேண்டும். “ரெண்டு நாள் கழிச்சு வர்றேன் தம்பி” என்று சொல்லி வந்துவிட்டேன்.

அன்று இரவு நானே களத்தில் இறங்கி ஒரே மூச்சில் ஆறேழு அமைப்புகளை மாற்றினேன். ஒன்றும் சரியாகவில்லை. சரியாகியிருந்தாலும் எதனால் சரியானது என்று எனக்குத் தெரிந்திருக்காது. ஏழு மருந்தை ஒரே டம்ளரில் கலந்து குடித்தவள் கதைதான். மறுநாள் எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டு, பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு விதி எழுதினேன்: ஒரு நாளைக்கு ஒரு மாற்றம். இரவு படுக்கும்போது எத்தனை சதவீதம், காலையில் எத்தனை. அந்த நோட்டு கற்றுக்கொடுத்ததைத்தான் இங்கே பகிர்கிறேன்.

முதல் பாடம்: தூக்கத்தைக் கண்காணியுங்கள்

பழைய லேப்டாப் தூங்கினால் நினைவகத்துக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போகும், மற்றதெல்லாம் அணைந்துவிடும். இப்போதைய டேப்லெட்டுகள் பலவும் செல்போன் மாதிரி தூங்குகின்றன. திரை அணையும். உள்ளே அவ்வப்போது கண் விழித்து மெயில் வந்ததா, செய்தி வந்ததா என்று பார்த்துக்கொள்ளும். மாடர்ன் ஸ்டாண்ட்பை என்று இதற்குப் பெயர். நம் பாஷையில் கோழித்தூக்கம். உள்ளே இருக்கும் ஒரு சில்லு அடம்பிடித்து விழித்துக்கொண்டிருந்தால் மொத்தக் கருவியும் தூங்காது.

நோட்டின் முதல் வரி: இரவு 11 மணி, 86. காலை 6 மணி, 31.

பேட்டரியே கிழடாகிவிட்டதோ என்ற சந்தேகத்தை முதலில் தீர்த்துக்கொண்டேன். ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து, அட்மினிஸ்ட்ரேட்டர் டெர்மினலைத் திறந்து, ‘பவர்சிஎஃப்ஜி’ என்ற கட்டளையை ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, ‘பேட்டரிரிப்போர்ட்’ என்று சேர்த்து அடித்தால் ஓர் அறிக்கை உருவாகும். எங்கே சேமித்தது என்பதை அதுவே கடைசி வரியில் சொல்லும். புதிதில் பேட்டரியின் கொள்ளளவு எவ்வளவு, இன்று முழுதாக ஏற்றினால் எவ்வளவு என்று இரண்டு எண்கள் அதில் இருக்கும். என்னுடையது ஐந்தில் ஒரு பங்கு தேய்ந்திருந்தது. நான்கு வருடத்துக்கு அது நியாயமான தேய்மானம். ஒரே இரவில் 55 சதவீதம் காணாமல் போவதற்கு அது காரணமாகாது.

அடுத்து அதே கட்டளையில் ‘பேட்டரிரிப்போர்ட்’ இருந்த இடத்தில் ‘ஸ்லீப்ஸ்டடி’. கடந்த மூன்று நாளில் டேப்லெட் எப்போதெல்லாம் தூங்கியது, அந்த நேரத்தில் உள்ளே யார் விழித்திருந்தார்கள் என்று வரிசையாகப் போட்டுக் காட்டிக்கொடுக்கும் அறிக்கை இது. அந்த இரவின் வரியைத் திறந்தேன். முதலிடத்தில் சிவப்பில் நின்றது வைஃபை அடாப்டர். இரவில் முக்கால்வாசி நேரம் அது கண்ணே மூடவில்லை.

டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து டிரைவர் பக்கத்தைப் பார்த்தேன். டிரைவரின் பதிப்பு அப்டேட்டோடு மாறியிருந்தது. அங்கேயே ‘ரோல் பேக் டிரைவர்’ என்ற பட்டன் இருக்கும். அழுத்தினால் பழைய டிரைவர் திரும்பி வரும். பட்டன் மங்கலாக இருந்தால் பழையது கைவசம் இல்லை என்று பொருள். அப்போது டேப்லெட் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்துதான் பழைய பதிப்பை இறக்க வேண்டும். பழையதைப் போட்ட கையோடு அப்டேட்டைச் சில வாரம் ‘பாஸ்’ செய்து வைத்தேன். இல்லையென்றால் விரட்டிய டிரைவர் மறுநாளே வாசலில் வந்து நிற்கும்.

நோட்டில் அடுத்த வரி: இரவு 11, 84. காலை 6, 80.

இன்னொன்றும் பழகிக்கொண்டேன். பஸ் ஏறும் முன் தூங்க வைப்பதில்லை, ‘ஹைபர்னேட்’ செய்கிறேன். திறந்திருக்கும் வேலையை வட்டில் எழுதி வைத்துவிட்டு மின்சாரத்தை முழுதாக அணைத்துவிடும். மறுபடி திறக்கக் கூடுதலாகச் சில விநாடி ஆகும். பைக்குள் சுடுவதற்கு வழியே இல்லை.

இரண்டாம் பாடம்: குற்றவாளி வேறு ஆளாக இருக்கலாம்

தூக்கம் சரியாகிவிட்டது, கீபோர்டும் சரியாகியிருக்கும் என்று நம்பினேன். இல்லை. மூடித் திறந்தால் சில தடவை இன்னும் மயக்கம்தான்.

இங்கே எனக்குக் கைகொடுத்தது ஒரு சின்னச் சோதனை. விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே யூஇஎஃப்ஐ என்ற அடிப்படை அமைப்புத் திரைக்குள் போக முடியும். என் டேப்லெட்டில் முழுதாக அணைத்துவிட்டு, ஒலி கூட்டும் பட்டனை அழுத்தியபடி பவர் பட்டனைத் தொட வேண்டும். உங்களுடையதில் வேறு பட்டனாக இருக்கலாம். அந்தத் திரையில் விண்டோஸும் இல்லை, அதன் டிரைவர்களும் இல்லை. அங்கே கீபோர்டு ஒழுங்காக வேலை செய்தால் கோளாறு மென்பொருளில். அங்கேயும் மக்கர் செய்தால் கோளாறு கீபோர்டில், அல்லது இணைப்பில்.

அம்புக்குறி விசையால் பட்டியலில் மேலும் கீழும் போய்க்கொண்டே கீபோர்டை லேசாக அசைத்தேன். நின்றுபோனது. இன்னொரு அசைப்பு, உயிர் வந்தது.

கீபோர்டைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். டேப்லெட்டின் கீழ் விளிம்பில் வரிசையாகச் சின்னச் சின்னத் தொடுபுள்ளிகள். தங்க நிறத்தில் இருக்க வேண்டியவை. இரண்டு மட்டும் கறுத்து, மேலே பிசுபிசுவென்று ஒரு படலம். நான்கு வருடத்துக் கை வியர்வை, பஸ் தூசி, சாப்பாட்டு டப்பாவிலிருந்து கசிந்த எண்ணெய். டேப்லெட்டை அணைத்துவிட்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு, பிழிந்து, மெதுவாகத் துடைத்தேன். மூன்று குச்சி கறுத்தது. கால் மணி நேரம் காயவிட்டு மாட்டினேன். அன்றிலிருந்து அந்த மயக்கம் இல்லை. அப்டேட்டுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை!

மூன்றாம் பாடம்: நம் விரலையும் சந்தேகப்படுங்கள்

மிச்சம் இருந்தது எழுத்து விழுங்கல். வேகமாக அடித்தால் வராது, ஒவ்வொரு விசையையும் அழுத்திப் பிடித்தால்தான் வரும். யூஎஸ்பி கீபோர்டு ஒன்றை இரவல் வாங்கிச் செருகிப் பார்த்தேன். அதிலும் அதே கதை. அப்படியானால் கீபோர்டு குற்றமில்லை.

விடை அணுகல்தன்மை அமைப்பில் இருந்தது. விண்டோஸில் ‘ஃபில்டர் கீஸ்’ என்று ஒரு வசதி உண்டு. கை நடுக்கம் உள்ளவர்களுக்காக, தெரியாமல் படும் சின்ன அழுத்தங்களையும் அடுத்தடுத்து விழும் தட்டல்களையும் கணக்கில் எடுக்காமல் விடும். வலது ஷிஃப்டை 8 விநாடி அழுத்திப் பிடித்தால் ‘இயக்கவா?’ என்று கேட்கும்.

யார் 8 விநாடி ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு என் கையையே கவனித்தேன். தமிழ்99-இல் ஸ, ஷ, ஜ, ஹ எல்லாம் ஷிஃப்டோடு இடது கை விசைகள். பத்திரத்தில் ‘ஷரத்து’ம் ‘ஜாமீனும்’ வராத பக்கமில்லை. வலது சுண்டுவிரல் ஷிஃப்டில் படுத்திருக்க, பொருத்தமான சொல்லுக்காக நான் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எட்டு விநாடி என்ன, முப்பது விநாடிகூட ஆகும். கேட்ட கேள்வியைப் படிக்காமலே எதையோ தட்டி ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஃபில்டர் கீஸையும் அதன் குறுக்குவழியையும் அணைத்தேன். எழுத்துகள் திரும்பி வந்தன.

சில சின்னக் குறிப்புகள்

‘ஷட் டவுன்’ செய்து திறப்பதை மறுதொடக்கம் என்று நினைக்காதீர்கள். ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ இயக்கத்தில் இருந்தால் அமைப்பின் ஒரு பகுதியை வட்டில் சேமித்து வைத்து மறுபடி எழுப்பும். பழைய கோளாறும் கூடவே எழுந்து வரும். புதிதாகத் தொடங்க ‘ரீஸ்டார்ட்’தான்.

அப்டேட் போட்டதும் எழுத்து மாறி விழுந்தால் பதறாதீர்கள். விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையைத் தட்டிப் பாருங்கள். மொழி வரிசை மாறியிருக்கும், அவ்வளவுதான்.

பெரிய பதிப்பு மாற்றத்துக்குப் பிறகு பழையதற்கே திரும்ப வழக்கமாக 10 நாள்தான் அவகாசம். அதற்குள் முடிவெடுங்கள். ஃபர்ம்வேர் அப்டேட் பெரும்பாலும் ஒருவழிப்பாதை. சார்ஜரைச் செருகாமல் அதைத் தொடாதீர்கள்.

ஃபர்ம்வேர் மாறிய பிறகு சில சமயம் பிட்லாக்கர் திரை வந்து, 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். எனக்கும் ஒரு முறை கேட்டது. எண் என் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருந்தது. செல்போனில் திறந்து பார்த்து, ஒவ்வொன்றாகத் திரையில் தொட்டு அடித்து முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. இப்போது அந்த எண் ரேஷன் கார்டு உறைக்குள் ஒரு துண்டுச் சீட்டில் இருக்கிறது.

மூன்று கோளாறு. ஒன்று அப்டேட்டால், ஒன்று அழுக்கால், ஒன்று என் சுண்டுவிரலால். மூன்றும் ஒரே வாரத்தில் கண்ணில் பட்டதால் மூன்றையும் அப்டேட் தலையில் கட்டினேன். காக்கை உட்கார்ந்ததும் பனம்பழம் விழுந்ததும் ஒரே நேரம். அதிலும் ஒரே ஒரு பழம்தான் காக்கை தள்ளியது.

அடுத்த அப்டேட் உங்கள் கதவைத் தட்டும் முன் இரண்டு வேலை முடித்து வையுங்கள்: மீட்பு எண்ணைத் தாளில் எழுதுங்கள், தொடுபுள்ளிகளைத் துடையுங்கள். இரண்டுக்கும் சேர்த்து அரை மணி நேரம் போதும்.