போட்டி அங்கே, விலை இங்கே

கணினி கேள்வி-பதில்

கேள்வி: மகன் ஏ/எல் சோதனை எழுதி முடித்துவிட்டான். முடிந்ததும் கிராபிக்ஸ் கார்ட் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தோம். அவனுக்கு என்விடியா ஆர்டிஎக்ஸ் 5060தான் வேண்டுமாம். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் ஒரு கடைக்காரர் ஏஎம்டி எடுங்கள் என்கிறார், இன்னொரு கடையில் இன்டெல்லைக் காட்டுகிறார்கள். மூன்று கொம்பனிகள் போட்டி போட்டால் விலை இறங்கத்தானே வேண்டும்? இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா? வீட்டுக் கணினி 2021இல் வாங்கியது, இன்டெல் ஐ5 பத்தாம் தலைமுறை.
– ஒரு தாய், ஹெவ்லொக் டவுன்

பதில்: போட்டி இருக்கிறது, ஆனால் எல்லாத் தட்டிலும் இல்லை. 2025 ஜனவரியோடு முடிந்த நிதியாண்டில் என்விடியாவின் வருமானம் ஏறக்குறைய 130 பில்லியன் டொலர். அதில் 115 பில்லியன் தரவு மையங்களிலிருந்து வந்தது, பெரும்பாலும் செயற்கை நுண்ணறிவுக்காக. கேமர்களிடமிருந்து கிடைத்தது சுமார் 11 பில்லியன்தான். கேமர்களை நம்பி வளர்ந்த நிறுவனத்துக்கு இன்று அவர்களால் வருவது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆயிரம் டொலருக்கு மேற்பட்ட கார்ட்களில் அதை எதிர்த்து நிற்க யாரும் இல்லை. 2025இல் வந்த ஏஎம்டி கார்ட்களில் உயர்ந்ததான 9070 எக்ஸ்டியின் அறிவித்த விலையே 599 டொலர்தான்.

மோதல் நடப்பது 250 முதல் 450 டொலர் வரையான தட்டில். 2024 டிசெம்பரில் இன்டெல் ஆர்க் பி580ஐ 12 ஜிபி நினைவகத்தோடு 249 டொலருக்கு இறக்கியது. அப்போது என்விடியாவின் 299 டொலர் கார்ட்டான 4060இல் இருந்தது 8 ஜிபி. 2025 ஏப்ரலில் என்விடியா 16 ஜிபி உள்ள 5060 டிஐக்கு 429 டொலர் விலை வைத்தது. ஜூன் மாதம் ஏஎம்டி அதே 16 ஜிபியோடு ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியை 349 டொலருக்குக் கொண்டுவந்தது. போட்டியால் கேமருக்குக் கிடைத்த இலாபம் பெரும்பாலும் இதுதான்: விலை இறங்கவில்லை, அதே காசுக்கு நினைவகம் கூடியது.

விலை இறங்காததற்குக் காரணமும் உண்டு. மூன்று கொம்பனிகளும் இந்தக் கார்ட்களின் சிப்பைத் தாய்வானின் டிஎஸ்எம்சி ஆலையிலேயே செய்விக்கின்றன. ஒரே பேக்கரியில் பாண் எடுத்து விற்கும் மூன்று கடைகள் விலையில் எவ்வளவு தூரம் மோத முடியும்?

அந்தப் போட்டியும் கொழும்புக்கு வந்து சேரும்போது இன்னும் மெலிந்துவிடுகிறது. 300 டொலர் கார்ட் ஒன்றை எடுங்கள். 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவாக இருந்தபோது அது 60,000 ரூபா. அதே ஆண்டு மே மாதம் டொலர் 360ஐத் தொட்டபோது 108,000. 2025இல் டொலர் 300ஐ அண்டி நின்றபோது 90,000. இதற்கு மேல் 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதமான வற், ஏற்றி இறக்கும் செலவு, இறக்குமதியாளரின் இலாபம், கடைக்காரரின் இலாபம். கலிபோர்னியாவில் ஒரு கொம்பனி 20 டொலர் குறைத்தால் இங்கே 6,000 ரூபா மிச்சம். டொலர் 20 ரூபா ஏறினால் அது முழுக்கப் போய்விடும்.

ஆகவே பொறுத்திருப்பதில் பயனில்லை. 2025இன் பிற்பகுதியிலிருந்து நினைவகச் சிப்களின் விலை ஏறிக்கொண்டு போகிறது, ஏனென்றால் அவற்றைச் செய்பவர்கள் தரவு மையங்களுக்கே முதலிடம் கொடுக்கிறார்கள். மைக்ரோன் நிறுவனம் சாதாரண வாடிக்கையாளருக்கான தனது குரூசியல் வியாபாரத்தையே நிறுத்தப்போவதாக 2025 டிசெம்பரில் அறிவித்தது.

எது வாங்குவது? அதை முடிவு செய்வது உங்கள் வீட்டுக் கணினி. பத்தாம் தலைமுறை ஐ5 இருக்கும் மதர்போர்ட் கார்ட்டோடு பேசும் பாதை பழைய பிசிஐஇ 3.0 வகை. 5060 அந்தப் பாதையின் 16 தடங்களில் எட்டை மட்டுமே பாவிக்கும். புதிய போர்ட்டில் அது தெரியாது. பழைய போர்ட்டில், அதன் 8 ஜிபி நினைவகம் நிரம்பி வழியும் கேம்களில், ஓட்டம் தடுமாறும். பி580க்கு வேறு தொல்லை: பழைய பிராசசரோடு சேர்ந்தால் அதன் வேகம் எதிர்பார்த்ததைவிடக் குறைந்துவிடும். 9060 எக்ஸ்டி 16 தடங்களையும் பாவிக்கும், நினைவகமும் தாராளம். கேம் மட்டும் என்றால் உங்கள் வீட்டுக்கு அந்த 16 ஜிபி கார்ட்தான். நல்ல 450 வாட் பவர் சப்ளை போதும். ஆனால் மகன் பிளெண்டரில் முப்பரிமாணம் செய்கிறான், செயற்கை நுண்ணறிவு படிக்கப் போகிறான் என்றால் அவன் கேட்பதிலும் நியாயம் உண்டு. அந்த மென்பொருள்களில் பல என்விடியாவின் கூடா என்ற அமைப்பை நம்பி எழுதப்பட்டவை. அப்போதும் 8 ஜிபியை விட்டு, முடிந்தால் 5060 டிஐ 16 ஜிபியைப் பாருங்கள்.

கடையில் பெட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் அசூஸ், எம்எஸ்ஐ, கிகாபைட் எல்லாம் கார்ட்டைப் பொருத்தி விற்பவர்கள், சிப் அவர்களுடையது அல்ல. நீங்கள் தேட வேண்டியது நினைவக அளவை. 9060 எக்ஸ்டியும் 5060 டிஐயும் 8 ஜிபி, 16 ஜிபி என்று இரண்டு விதமாக ஒரே பெயரில் வருகின்றன. விலைப் பட்டியலில் பெயர் மட்டும் இருந்தால் “எத்தனை ஜிபி, வற் சேர்ந்த விலையா?” என்று கேட்காமல் காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி: பாவித்த ஆர்டிஎக்ஸ் 3060 ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. மைனிங்கில் ஓடிய கார்ட்டாக இருக்கும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். வாங்கலாமா?
– ஒரு மாணவர், கொட்டாஞ்சேனை

பதில்: பயம் ஓரளவு நியாயமானது. 2022 செப்டெம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங்கை, அதாவது கார்ட்களைக் கொண்டு நாணயம் உருவாக்குவதை, கைவிட்டபோது உலகெங்கும் ஏராளமான கார்ட்கள் பழைய சந்தைக்கு வந்தன. மைனிங்கில் ஓடியது என்பதற்காகவே சிப் பழுதாகிவிடாது. தேய்வது விசிறி, காய்வது சூடு கடத்தும் பசை. விற்பவர் வீட்டிலேயே கனமான கேம் ஒன்றை அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். வெப்பம் 85 பாகையைத் தாண்டினாலோ விசிறி கறகறத்தாலோ கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் 12 ஜிபி காட்டுகிறதா என்றும் பாருங்கள். 3060லும் பின்னர் 8 ஜிபி வகை ஒன்று வந்தது. பெயர் அதேதான், வேகம் குறைவு.

கேள்வி: தை மாதம் கனடாவிலிருந்து மாமா வருகிறார். அவரிடம் சொல்லி வாங்கினால் மலிவா?
– ஒரு வாசகர், வெள்ளவத்தை

பதில்: உங்கள் மாமா ரொறன்ரோப் பக்கம் என்றால், ஏஎம்டியின் ரேடியோன் கார்ட்கள் பிறந்த ஊருக்குக் கிட்டத்தான் இருக்கிறார். அவற்றை முதலில் செய்த ஏடிஐ நிறுவனம் 1985இல் அங்கேதான் தொடங்கியது. 2006இல் ஏஎம்டி அதை 5.4 பில்லியன் டொலருக்கு வாங்கியது. அங்கே மார்க்கம் நகரில் ஏஎம்டியின் பெரிய பொறியியல் நிலையம் இன்றும் இயங்குகிறது. ஆனால் ஊர் கிட்ட என்பதால் விலை குறையாது. ஒன்ராறியோவில் 13 சதவீத விற்பனை வரி கட்ட வேண்டும். அதைவிட முக்கியம் வொரண்டி: பொதுவாக அது வாங்கிய நாட்டில்தான் செல்லும். ஆறு மாதத்தில் கார்ட் கெட்டால் திருப்பி அனுப்பும் செலவு உங்கள் தலையில்.

எல்லாம் கூட்டிப் பார்த்து மிச்சம் 20,000 ரூபாவுக்குக் குறைவென்றால் இங்கேயே வாங்குங்கள். பில்லில் கார்ட்டின் தொடர் இலக்கத்தை எழுதி வாங்க மறக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் கடைக்காரர் சொல்லும் மூன்று வருட வொரண்டி வெறும் வாய்ப்பேச்சுத்தான்.